துறைமுகத்திலிருந்து வந்த குரல்

மலையூரான கவுஞ்சியில் செய்தி கேட்கிறவர்கள் பலர். அதைக் கிழித்துத் தொங்கவிட வீரம்மாள் ஒருத்திதான். பூண்டுத் தோட்டத்தில் பக்கத்து ஆளின் முகம் தெரியாமல் மூடுபனி கிடக்கும்போது, போன் 'இன்று தெளிந்த வானம்' என்று சொல்லும். மேகத்துக்குப் போன் பாக்கத் தெரியாதுல்ல என்பாள். கனமழை என்று சிவப்பு எச்சரிக்கை விட்ட அன்றைக்கு வீம்பாகத் துணி துவைத்துக் காயப்போட்டவள். யார் குரலிலும் பேசிக்காட்டும் மெஷின் வந்துவிட்டதாம் என்றபோது, எம் புருசன் பேச்சக் கேக்கவே ஆளக் காணோம், அதுக்கு நகல் வேறயா என்று கேட்டுக் களையெடுக்க வந்தவர்களைச் சிரிக்க வைத்தாள்.

இந்த நக்கலையெல்லாம் மகன் குகனுக்குக் குரல் பதிவாக அனுப்புவது அவளுடைய அன்றாடச் சோலி. வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், சிரிப்போடு பதில் அனுப்புவான். அங்கே சண்டை மூண்டபோதும் விடவில்லை. 'போர் நிறுத்தம்னாங்களே, குண்டுக்குச் சேதி போகலையா?' என்று கேட்டனுப்பினாள்.

அதற்குப் பதில் வரவில்லை. துறைமுகத்தில் ட்ரோன் விழுந்ததை டிவிதான் சொன்னது. குகனும் போனை எடுக்கவில்லை, கூடத் தங்கியிருந்த தாண்டிக்குடிக்கார மனோஜ்குமாரும் எடுக்கவில்லை. வீரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கேலிதான் குண்டைக் கூப்பிட்டுவிட்டதோ என்று பயந்து செத்தாள்.

ஒரு மாலை மனோஜ்குமார் எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. பேசியது குகன்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். என் போன் ஒடஞ்சிருச்சு. கவலப்படாதீங்க."

அவள் கணவர் சின்னச்சாமி அழுதுகொண்டே சிரித்தார். பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கக் கடைக்கு ஓடினார்.

வீரம்மாள் நகரவில்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை அவன். கொழுந்தன்மார் அவளை மதினி, மதினி என்று கூப்பிட, அதைக் கேட்டே பேசப் படித்தவன். அவனுக்கும் அவள் மதினிதான். திருத்திப் பார்த்து வீடே ஓய்ந்துபோனது. அவளை அவன் அம்மா என்று அழைத்ததே கிடையாது. குரல் அவனுடையது, ஆள் அவனில்லை. அவன் தொண்டைக்குள் யாரோ புகுந்து பேசுகிறார்கள் என்று தோன்றியது. ஆனாலும் மறுபடி போட்டாள். பொய்யென்று தெரிந்தும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது, அந்த ஆசைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பிறகு பட்டனை அழுத்தினாள். "மனோஜு, அவன் என்னய அம்மான்னு கூப்பிட்டதே இல்லப்பா. பெறந்ததுலருந்து மதினிதான். இருக்கானா இல்லையா, அத மட்டும் சொல்லிரு."

பதிலுக்கு மனோஜ்குமாரின் சொந்தக் குரல் வந்தது, அழுகையோடு.

"மன்னிச்சிருங்கம்மா. அவன் தவறிட்டான். தெனமும் மதினிகிட்டதான் பேசுவான், அண்ணன் சம்சாரம்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிலயும் மதினியத்தான் கேட்டான். பெத்தவள நெனைக்கலையேன்னு எனக்குப் பொறுக்கல. செத்த சேதியச் சொல்லவும் வாய் வரல. அதான் மெஷின வச்சு, ஒருக்கா அம்மான்னு சொல்ல வச்சேன்."

சின்னச்சாமி தேங்காயும் பழமுமாக மூச்சிரைக்க வந்தார். மறுபடி பேசினானா, என்ன சொன்னான் என்று கேட்டார்.

"என்னயத்தான் கேட்டானாம்" என்றாள்.

"பெறகு வேற யாரக் கேப்பான்?" என்று சிரித்தார் சின்னச்சாமி.

வீரம்மாள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.