கதவுக்குத் தொண்ணூற்றைந்து

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் மானக்கேடு. இது காவல் காக்கும்போது பிறந்த கதை.

என் மகள் பத்தாம் வகுப்பு. தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை அவள் அறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவள் படிப்பாள், இந்தப் பக்கம் அவள் படிப்பதை நான் கவனிப்பேன். இரண்டரை மணி நேரம் இன்னொருவர் படிப்பதைக் கவனிப்பது, பெற்றவர்களுக்குத் தெரியும், படிப்பதைவிடக் கஷ்டமான வேலை. கண்ணைச் சொக்கும். தூங்கி விழுந்தால் பிள்ளைக்கு முன்னால் மரியாதை போய்விடும். அதனால் ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னப்பா எழுதுறீங்க?"

"கதை."

"யாரப் பத்தி?"

"அது உனக்கெதுக்கு? நீ படி."

2

முதல் தொடக்கம்: "அந்தி மெல்லக் கவிந்துகொண்டிருந்த வேளையில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் கண்களில்..." [நிறுத்திவிட்டேன். கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகம் மறைத்துக்கொண்டிருந்தது.]

இரண்டாவது: "இன்றைய கல்விமுறை நம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்..." [மேடைப் பேச்சு. கல்விமுறையைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அது திருப்பித் திட்டாது.]

மூன்றாவது: "ஓர் எழுத்தாளர் தன் மகளின்..." [அடித்துவிட்டேன். காரணம் கேட்காதீர்கள்.]

நான்காவது: "ஒரு தச்சர் தன் மகளின் அறைக் கதவைக் கழற்றினார்."

இது நிற்கிறது. இதிலேயே போகலாம்.

3

நல்ல தச்சர். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவு அவர் போட்டதுதான். அவர் மாட்டிய கதவு ஒரு விரலால் தள்ளினால் போகும், சாத்தினால் சத்தம் வராது, மழைக்காலத்தில் மரம் உப்பினாலும் நிலையில் இடிக்காது. "கதவுன்னா, சாத்தினதும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒரு நிம்மதி வரணும்" என்பார், வேலை கொடுக்க வருகிறவர்களிடம்.

மகள் கணக்கில் எண்பத்திரண்டு வாங்கி வந்ததற்கு மறுநாள், சனிக்கிழமை காலை, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவளுடைய அறைக் கதவின் கீல்களைக் கழற்றத் தொடங்கினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"காத்து வரட்டும்."

"அதுக்குத்தான் ஜன்னல் இருக்கே."

"ஜன்னல் வழியா காத்து மட்டும்தான் வரும். இது வழியா நானும் வரலாம்."

கழற்றிய கதவை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மரம். இரண்டு மரக்கால்களின் மேல் அதைப் படுக்கப்போட்டு, மகளுக்குப் படிப்பு மேசையாக்கினார். அலமாரி திறக்க இடித்தது. அதனால் கீல் இருந்த பக்கம் நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்கு அறுத்தார். டேப் வைத்து மூன்று தடவை அளந்தார், பென்சிலால் கோடு போட்டார், பிறகுதான் ரம்பத்தை எடுத்தார்.* விளிம்பை இழைத்து, கை கிழிக்காதபடி வழவழப்பாக்கினார். மறுபக்கத்தில் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. மேசைக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று மனைவி கேட்டாள். "பென்சில் உருண்டு விழாம தடுக்கும்" என்றார்.

* இந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆணி அடிக்கத் தெரியாதவன் தச்சு வேலையை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறேனே என்று. அந்தப் பெருமைக்கு எட்டாம் பகுதியில் அடி விழும்.

4

இப்படியாக அந்தப் பெண் தன் கதவின் மேலேயே சரித்திரமும் வேதியியலும் படித்தாள். யார் அந்தப் பக்கம் போனாலும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உடை மாற்றக் குளியலறைக்குப் போனாள். தோழி போனில் ஏதாவது கேட்டால், சமையலறையிலிருந்து அம்மா பதில் சொன்னாள். மனப்பாடம் செய்யும்போது அவள் கை தானாகத் தாழ்ப்பாளைத் தள்ளும், இழுக்கும். டக். டக்.

"படிக்கிறியா, தாழ்ப்பாள் போடுறியா?"

"ரெண்டும்தான்."

ஒரு மாதம் போனது. ஒரு நாள் அவள், கடையில் விலை கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"கதவு திரும்ப வேணும்னா எவ்வளவு எடுக்கணும்?"

தச்சர் யோசிக்கவே இல்லை. "தொண்ணூத்தஞ்சு."

"எடுத்தா மாட்டிடுவீங்களா?"

"அப்பா சொன்னா சொன்னதுதான்."

5

இங்கே எனக்குத் தச்சர்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு மனிதர் இருப்பாரா? இரண்டு மார்க் குறைந்ததற்கும் பத்து மார்க் குறைந்ததற்கும் திட்டுகிறவர்கள் உண்டு, டி.வி. ஒயரைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. கதவையே கழற்றுவார்களா? மிகைப்படுத்துகிறேனோ?

[மிகைப்படுத்தத்தான் செய்கிறேன். நான் கழற்றியது தாழ்ப்பாளை மட்டும்.]

அடைப்புக்குறிக்குள் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். படித்துவிட்டீர்கள். சரி, மீதியையும் கேளுங்கள். நான்கு மாதங்களுக்கு முன், கணக்கில் எழுபத்தொன்று என்று பள்ளியிலிருந்து செய்தி வந்த அன்று, அவள் வீடு திரும்புவதற்குள் வேலையை முடித்தேன். நான்கே ஸ்க்ரூ. அதற்குப் பிறகு அவள் கதவைச் சாத்தினாலும் நான் தள்ளிக்கொண்டு போகலாம். ஒரு வாரம் அப்படிப் போனேன். அதற்கப்புறம் அவள் சாத்துவதையே விட்டுவிட்டாள். "பாரு, நானா எதுவும் சொல்லல, அவளே திறந்து வச்சுப் படிக்கிறா" என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

அந்த வயதில் நான் கணக்கில் எவ்வளவு வாங்கினேன் என்பது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.* அப்போதெல்லாம் கேள்வித்தாளும் கஷ்டமாக இருக்கும்.

* நாற்பத்து மூன்று.

6

தச்சர் மகளுக்குப் பரீட்சை வந்தது. மார்க் போட வேண்டியவன் நான்.

முதலில் தொண்ணூற்று நான்கு போட்டேன். கதைகளில் வருகிறவர்கள் ஒரு மார்க்கில்தான் கோட்டை விடுவார்கள். "அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்று தச்சர் கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடுவதுபோல விடைத்தாள் முழுக்கத் தேட, அவள் தலையைக் குனிந்தபடி... [அடித்துவிட்டேன். பாவமாக இருந்தது.]

பிறகு நூறு போட்டேன். நூறு வாங்குகிற பெண்ணுக்காக எந்த வாசகர் வருத்தப்படுவார்? அதையும் அடித்தேன்.

கடைசியில் தொண்ணூற்றாறு. போட்டதும் எனக்கு மனம் பூரித்துப்போய்விட்டது. உலகத்திலேயே இல்லாத ஒரு பெண் வாங்கிய மார்க்கை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நாற்காலியில் நெளிந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. அவரிடமாவது சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இந்த வியாதிக்கு என்ன பெயர் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

தச்சரின் பூரிப்பு அரை நிமிடம் நீடித்தது.

"கிளாஸ்ல யாராவது தொண்ணூத்தேழு?"

"அப்பா, கதவு."

7

தச்சர் சொன்ன சொல் தவறாதவர். ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களை இறக்கிவைத்து, மேசையைத் தூக்கி நிறுத்தினார். மேசை மறுபடியும் கதவானது. கீல்களைப் பழைய இடத்தில் முடுக்கினார். மகள் உள்ளே போய் நின்று கதவைச் சாத்தினாள்.

மூன்று விரல் அகலத்துக்குச் சந்து. அதன் வழியாக அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா அவளைப் பார்த்தார். அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது சந்தில் நீட்டிக்கொண்டு நின்றது. நிலையைத் தொடவில்லை.

"அடடா," என்றார் தச்சர். "அறுத்தத மறந்தே போயிட்டேன் பாரு."

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. முடிவு என்று சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

தச்சர் புதுக் கதவு செய்துகொடுக்கிறார், குடும்பமே கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. [பெயின்ட் விளம்பரம்.]

மகள் பெரியவளாகிக் கதவுத் தொழிற்சாலை வைக்கிறாள், திறப்பு விழாவில் தச்சர் பேசுகிறார்: "அன்னிக்கு நான் மட்டும் கண்டிப்பா இல்லாம இருந்திருந்தா..." [இதற்குப் பெற்றோர் கூட்டங்களில் கைதட்டல் நிச்சயம். அதனாலேயே வேண்டாம்.]

அந்தச் சந்தை அடைக்க ஒரு மரச்சட்டம் போதும், ஆனால் அதற்குத் தொண்ணூற்றெட்டு வேண்டும் என்கிறார். [எழுதிவிட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அப்படித்தான் சொல்வார்.]

8

அந்த யோசனையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மடியில் நோட்டு இல்லை. என் மகள் எதிரே தரையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். காவல்காரன் தூங்கியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை அவளுக்கு அம்மா வழியில் வந்திருக்க வேண்டும்.

"நல்லாருக்கா?" என்றேன்.

"ஒரு தப்பு இருக்கு."

"எங்க?"

"மறந்துட்டேன்னு சொல்றார்ல, அது பொய்."

"மறதி எல்லாருக்கும் வர்றதுதானேம்மா."

"மூணு தடவ அளந்தார், கோடு போட்டார், அப்புறம்தான் ரம்பத்த எடுத்தார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தெருவுக்கே கதவு போடறவர். மூணு விரல் போனா தாழ்ப்பாள் எட்டாதுன்னு அவருக்குத் தெரியாதா?" நோட்டை மூடினாள். "தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னப்பவே தெரியும் அவருக்கு. திருப்பித் தர்ற எண்ணமே இல்ல."

நான் எழுதிய ஆள். அவரை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழாம் பகுதி வரை நான் முட்டுக்கொடுத்துக்கொண்டு வந்த மனிதரை அவள் உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"நம்ம தாழ்ப்பாள எங்கயோ வச்சேன்," என்றேன். "தேடிப் பாக்கணும்."

"உங்க டிராயர்ல இருக்கு. ரெண்டாவதுல, ஸ்டேப்ளர் பக்கத்துல. ஸ்க்ரூ நாலும் ஒரு கவர்ல."

"உனக்குத் தெரியுமா?"

"நாலு மாசமா."

"அப்ப எடுத்து மாட்டிக்க வேண்டியதுதானே?"

அவள் எழுந்து நோட்டை என் மடியில் வைத்தாள்.

"கழட்டினது நீங்கதானேப்பா."

9

கழற்ற ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பழைய ஓட்டைகள் தளர்ந்துபோயிருந்தன, தீக்குச்சியை ஒடித்துச் செருகித் திருகினேன். அவள் டார்ச் பிடித்தாள். கோணலாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கோணலாகத்தான் இருந்தது.

[நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்பது நடுவில் ஞாபகம் வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டதாக எழுதியிருந்தேன், பொய். "நாளைக்கு..." என்று தொடங்கினேன். அவள் டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள். நிறுத்திக்கொண்டேன்.]

பிறகு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தச்சர் இன்னும் அந்தச் சந்துக்கு வெளியேதான் நிற்கிறார். நான் சொல்லிக் கேட்கிற ஆளாக அவர் இல்லை. உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் நீங்கள் பேசிப் பாருங்கள்.

நாற்காலியைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டேன். இங்கிருந்து பார்த்தால் கதவு தெரிகிறது. உள்ளே அவள் கணக்குப் போடுகிறாளா, படம் வரைகிறாளா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருக்கிறாளா, தெரியாது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறாளா என்பதும் தெரியாது. சத்தம் கேட்கவில்லை. கோணலாக மாட்டினால் சத்தம் வராதோ என்னவோ. தெரிந்துகொள்ள ஒரே வழி, எழுந்து போய் ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பது.

நான் தள்ளவில்லை. நீங்களும் தள்ளாதீர்கள்.