பெற்றோர் முன்னிலையில்

2014 ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள ஒரு மண்டபத்தில், பதினொரு வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கான பொறுப்பாளரைத் தெரிவுசெய்யும் நேர்முகம் பெற்றோர் முன்னிலையில் நடந்தது. முந்தையவரைக் கதவைச் சாத்திக்கொண்டு நியமித்ததால் எழுந்த சண்டைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. போட்டியிட்டவர்கள் இருவர். கேள்விகள் இருவருக்கும் ஒன்றுதான். முதலாமவர் பதில் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வெளியே நிற்கவேண்டும்.

முதலில், நெடுநாள் ஆசிரியரான புண்ணியமூர்த்தி. தெரிவுக்குழுத் தலைவர் குகதாசன் இரண்டாவது கேள்வியை வாசிக்கத் தொடங்கினார். “பிள்ளையள் வகுப்பிலை பிரெஞ்சிலை...”

“முதலாம் வகுப்பிலையே பேச்சுப் பயிற்சி துவங்கவேணும்,” என்றார் புண்ணியமூர்த்தி.

“அண்ணை, அந்தாள் கேட்டு முடிக்கட்டுமன்!” என்றாள் பின்வரிசையில் ஒரு தாய். மண்டபம் சிரித்தது.

“அனுபவம் எண்டால் இதுதான்,” என்றார் குகதாசன். எல்லோரும் கைதட்டினார்கள்.

போன கிழமை ரூ பெர்தொனேயில் ஒரு தேநீர்க் கடையில், “சும்மா, இப்பிடி ஏதும் கேப்பம்” என்று கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னவர் குகதாசன்தான். வேண்டாம் என்று புண்ணியமூர்த்தி எழுந்து வந்திருக்கலாம். இத்தனை வருடச் சனிக்கிழமைகளைக் கொடுத்தவனுக்கு இதுகூட இல்லையா என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார். இப்போது மூன்றாவது கேள்விக்கு நெற்றியைத் தடவினார், கூரையைப் பார்த்தார், யோசிப்பவரைப்போல் இருந்தார். சொன்ன பதிலைவிட அந்த யோசனைதான் அவரைக் கூசவைத்தது.

அடுத்தது வசந்தரூபி, லெ பிளாங்-மெனில் பள்ளி ஆசிரியை. புண்ணியமூர்த்தி சபையில் இருந்து கேட்டார். அதே இரண்டாவது கேள்விக்கு அவள், “உண்மையிலை எனக்குத் தெரியேல்லை. வீட்டிலை என்ரை மகளும் பிரெஞ்சுதான். முதல் இஞ்சை இருக்கிற அம்மாமாரிட்டைக் கேக்கவேணும்” என்றாள். யாரும் கைதட்டவில்லை. குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

இடைவேளையில் அவள் புண்ணியமூர்த்தியிடம் வந்தாள்.

“அண்ணை, நான் வெளியிலை நிக்கேக்கை எல்லாரும் சிரிச்சவை. என்ன பகிடி? சொல்லுங்கோவன், நானும் சிரிக்கிறன்.”

அவருக்குக் காது சுட்டது. “ஒண்டுமில்லை ரீச்சர். நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டிட்டன்.”

“உங்களுக்கு எப்பவும் அவசரம்தான்,” என்று அவள் சிரித்தாள்.

புண்ணியமூர்த்தியின் பெயரை அறிவித்துவிட்டுக் குகதாசன் மைக்கை அவரிடம் நீட்டினார். தேநீர்க் கடையில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். எதிரே வசந்தரூபி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாருக்கும் நன்றி,” என்றார் புண்ணியமூர்த்தி.

திங்கட்கிழமை அந்தத் தேநீர்க் கடைக் கண்ணாடியிலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. புதிய பொறுப்பாளர், பெற்றோர் முன்னிலையில், ஒளிவுமறைவின்றித் தெரிவுசெய்யப்பட்டார்.