தாளில் காணாமல் போன புருஷன்

1

கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கதை இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் கடைக்காரரிடம், "அண்ணே, என் புருஷனை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் கைச்சரக்கு.

2

'நீண்ட கூந்தலும் மருண்ட விழியுமாக அவள்...'

(இல்லை, இது என் போன கதையின் நாயகி. அடித்துவிட்டேன்.)

இவளுக்குக் கழுத்துவரைதான் முடி. மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேகத்தைப் பார்த்து 'மின்னல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி வேலை தேடினாள். 'திருமணமானவர், இரண்டு குழந்தைகள்' என்று மூன்று கிடங்குகளுக்கு பயோடேட்டா அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல். ஜெராக்ஸ் கடையில் புதிதாக அடித்து நாலாவது இடத்துக்கு அனுப்பியதும் நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது.

வீடே குதித்தது. பேருந்து ஓட்டும் கணவன், கையிலிருந்த நகலை அப்போதுதான் படித்தான்.

"ஏம்மா, 'திருமணம் ஆகாதவர்'னு போட்டிருக்கே. அப்ப இந்த வீட்ல தினம் பாத்திரம் கழுவுறவன் யாரு?"

"பொழுதுபோக்கு நீச்சலாம்!" என்றாள் நாத்தனார். "அண்ணி, உங்களுக்கு அண்டாத் தண்ணியே பயமாச்சே!"

கடைக்காரரிடம் இருப்பது ஒரே பயோடேட்டா அச்சு. பெயரையும் முகவரியையும் மாற்றுவார். முந்தைய ஆளின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். (போன கதையின் கூந்தலை விட்டுவைத்த எனக்கு அவரைச் சொல்ல வாயில்லை.)

"அப்படியே விட்ருங்க அண்ணி. மூணு தடவை உண்மையைப் போட்டீங்க, ஒருத்தனாவது கூப்பிட்டானா? எங்கண்ணன் இல்லேன்னதும் உடனே கூப்பிட்டுட்டாங்க பாருங்க!"

"கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது!"

சின்னது தாளைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

அதுவரை மின்னலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகு சிரிப்பு பாதியில்

(இப்படியே நிற்கட்டும். முடித்தால் உங்களை அழவைத்துவிடுவேன். இது அழுகைக் கதை இல்லை.)

3

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். பொய்யோடு வேலையில் சேருகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "எங்கக்கா பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று லீவு கேட்கிறாள். பெற்ற பிள்ளைக்கே சித்தியாகிவிட்டாள்! மின்னல் என்னை முறைத்தாள். அடித்தேன்.

மறுநாள் காலையில் அவளே கடைக்குப் போனாள். புருஷனை எங்கே வைத்தீர்கள் என்ற கேள்வி அப்போது கேட்டதுதான்.

"ஐயோ தங்கச்சி, போன பார்ட்டியோடத மாத்த மறந்துட்டேன். இப்ப என்ன போடட்டும், ஆனவரா, ஆகாதவரா?"

"அந்த வரியே வேண்டாண்ணே."

"இல்லேன்னா கேப்பாங்களேம்மா?"

"கேக்கட்டும். பொட்டி கட்டத் தெரியுமான்னு கேட்டுட்டு, அப்புறம் கேக்கட்டும். அந்த எடத்துல 'மணிக்கு நாப்பது பொட்டி'னு அடிங்க."

4

நேர்காணல் அறை. மேலாளர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்பு அனுப்பிய தாளையும் இப்போது கொடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கே?"

'மொதல் தாள்தான் சரி' என்று நாத்தனார் சொல்லிக்கொடுத்த பதில் மின்னலிடம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாய் வேறு பேசியது.

"மொதல் தாள் தப்பு மேடம். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க. நீச்சல் சுத்தமாத் தெரியாது. பொட்டி கட்டத் தெரியும். கட்டுறவங்களை வேலை வாங்கவும் தெரியும். ஒரு மணி நேரம் கொடுத்துப் பாருங்க."

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

(இங்கே நானும் என் பேனாவை வைத்துவிட்டேன். மேலாளர் அம்மாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியை உங்களுக்குப் போட்டிருக்கிறேன். உட்காருங்க. எதிரில் அவள் நிற்கிறாள். இரண்டு தாளும் உங்கள் முன்னால். எதில் கையெழுத்துப் போடுவது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?)

நீங்கள் நல்லா இருக்கணும். உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரிலிருந்து தாளைத் தலைகீழாகப் பிடிக்கிற வாண்டு வரை எல்லாரும் நிறைந்திருக்கட்டும். எந்தத் தாளிலும் ஒருவர்கூடக் காணாமல் போகாதிருக்கட்டும்.