முன்பல் விழுந்த பிறகு வாங்க

ராஜலக்ஷ்மி டீச்சர் ஒரு விஷயத்தில் மகா கறார். முன்பல் விழாத பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கவே மாட்டார். "ஏழு வயசு ஆகட்டும். அதுவரைக்கும் வீட்ல கேக்கட்டும், முணுமுணுக்கட்டும், இஷ்டத்துக்குப் பாடட்டும். பிஞ்சுத் தொண்டைம்மா!" என்று பெங்களூரு ஹெப்பகோடியில் எத்தனையோ அம்மாக்களைத் திருப்பி அனுப்பியவர்.

ஸ்ரீவித்யாவுக்கு அது பொறுக்குமா? எதிர் ஃப்ளாட் கிருத்திகாவின் மகன் அஷ்வின் எட்டு வயதில் அபார்ட்மெண்ட் கணபதி விழா மேடையில் பாடிக் கைதட்டல் வாங்கிவிட்டான். தன் மகள் அதிதி ஆறிலேயே ஏறிவிட வேண்டும். அதிதிக்கு அப்போது ஐந்து. நாள் முழுக்க ஏதாவது பாடிக்கொண்டே திரியும் குழந்தை. அந்தப் பிஞ்சு செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஒரு நாள் பார்க்கில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து அவளுடைய முன்பல் இரண்டும் போயின. ரத்தமும் அழுகையுமாக வந்து நின்ற பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள் ஸ்ரீவித்யா. அடிப்பாவி, அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது!

புண் ஆறியதும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் டீச்சர் முன்னால் நிறுத்தினாள். அதிதி அப்பாவைப் போல நெட்டை. டீச்சர் வாயைப் பார்த்தார்.

"ஏழு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு டீச்சர்" என்றாள் ஸ்ரீவித்யா, கூசாமல்.

ஏழு வயதுப் பிள்ளைகளோடு அதிதியும் நின்றாள். சரளி வரிசை வேகம் பிடித்தால் மூச்சு வாங்கும். தாளம் போடும் கை பாதியில் நின்றுவிடும். "இத்தனை வயசாகி இதுகூட வராதா?" என்று டீச்சர் கடைசி வரிசைக்கு அனுப்புவார். வீட்டில் ஸ்ரீவித்யா விடிகாலை ஐந்துக்கே எழுப்பிக் கத்தவிடுவாள். தொண்டை கட்டினால் மிளகுப்பால். குடித்து முடித்ததும் மறுபடி கத்தல்.

ஆறு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை அழைத்துப்போக அம்மாக்கள் எல்லாரும் வந்திருந்த நேரம், டீச்சர் ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டார்.

"இவளை நிறுத்திடுங்கம்மா. ஸ்ருதியே நிக்கல. அஞ்சு வயசா இருந்தா நானே பொறுத்திருப்பேன். ஏழுக்கு மேல இப்படின்னா, இவளுக்குப் பாட்டு இல்ல."

ஸ்ரீவித்யா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை தப்பித்துவிடும். அது நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அஷ்வினை அழைத்துப்போக வந்த கிருத்திகா நின்றிருந்தாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

அதிதிதான் அழுதுகொண்டே சொன்னாள். "டீச்சர், எனக்கு அஞ்சு வயசுதான். பல்லு தானா விழல. கீழ விழுந்து உடைஞ்சுது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்றா டீச்சர்" என்றாள் ஸ்ரீவித்யா. "திட்டு வாங்கினா இப்படித்தான், எதையாவது ஜோடிப்பா."

டீச்சர் முகம் சிவந்தது. "பாட்டு வரலைன்னாலும் பரவால்ல, இந்த வயசுல பொய்யா? காதைப் பிடி. உண்மையைச் சொல்லு, எத்தனை வயசு?"

அதிதி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை உருட்டினாள்.

"ஏழு" என்றது குழந்தை.

வீடு திரும்பும்போது அதிதி ஸ்கூட்டரில் முன்னால் நின்றிருந்தாள். சிக்னலில் வண்டி நின்றதும் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு நெஜமாவே ஏழு வயசாகும்போது மறுபடி வரலாமா?"

"அதான் ஏழு ஆயிடுச்சே" என்றாள் ஸ்ரீவித்யா. "நீயே எல்லார் முன்னாடியும் சொன்னியே. வாயை மூடிட்டு வா."