முதலாளி வாங்கித் தந்த கை

என் முதலாளி எனக்கு ரோபோ கை வாங்கித் தந்தாராம். பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தார். என் சொந்த வலது கையை நசுக்கிய பிரஸ் மெஷினில், கை உள்ளே போகாதபடி இருந்த தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடவில்லை. தடுப்பு இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறதாம்! விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார்கள்.

அதை என் மனைவியும் நம்பினாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தினமும் காலையில் என் சட்டைக்குப் பொத்தான் போடும்போது, "கொஞ்சம் பாத்து வேலை செஞ்சிருக்கலாம்ல?" என்பாள். நடந்ததை நூறு முறை சொல்லிவிட்டேன். "ஆமா, எல்லாத்துக்கும் அடுத்தவங்கதான் காரணம்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த ரோபோ கையைச் செய்தது ஓர் இன்ஜினியர் பெண். முழங்கைக்குக் கீழே மிச்சமிருக்கும் தசையை ஒரு பக்கம் இறுக்கினால் விரல்கள் மூடும், மறுபக்கம் இறுக்கினால் திறக்கும். சொல்வது சுலபம். அவளிடம் பயிற்சிக்குப் போய் ஒரு மாதம் பிளாஸ்டிக் டம்ளர்களாக நசுக்கித் தள்ளினேன்.

"கோபமா இருக்கீங்கண்ணா. ரெண்டு பக்கமும் சேர்ந்து இறுகுது. அப்படின்னா மூடின கை திறக்காது" என்றாள்.

"கோபப்படாம இருக்க நான் என்ன கல்லா?" என்றேன்.

கையை முறைப்படி என்னிடம் ஒப்படைக்க, அதே பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் மேடை போட்டார்கள். தொழிலாளிகள் எல்லாரும் நின்றார்கள். முன்வரிசையில் என் மனைவி. முதலாளி மைக்கைப் பிடித்து, "தப்பு அவர் மேலதான். அதுக்காக நம்ம ஆளைக் கைவிட முடியுமா?" என்று பல்லைக் காட்டினார். போட்டோவுக்காகக் கை நீட்டினார். பிடித்தேன்.

"போதும்பா, விடு" என்றார்.

"திறக்கல சார்."

அவர் முகம் வெளுத்தது. இன்ஜினியர் பெண் ஓடி வந்தாள். "இழுக்காதீங்க சார்! கோபம் வந்தா இப்படித்தான் ஆகும். அண்ணா, மனசை ஆத்திக்குங்க."

"தடுப்பைக் கழட்டச் சொன்னது யாருன்னு அவர் சொல்லட்டும்மா. ஆறிடும்."

"உளறாதடா!" என்றார் முதலாளி. விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின. "ஐயோ! ஆமாய்யா, நான்தான் கழட்டச் சொன்னேன்! விடச் சொல்லுங்க இவனை!"

இன்னொரு கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார் பாவம். மூலைமுடுக்கெல்லாம் கேட்டது.

கை திறந்தது.

இன்ஜினியர் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப மட்டும் எப்படிண்ணா திறந்துச்சு? கோபம் போயிடுச்சா?"

"அது எங்கேம்மா போகும்? போன வாரமே கோபத்தோடயே திறக்கப் பழகிட்டேன்."

அன்று சாயங்காலமே ஆள் அனுப்பிக் கையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அது தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் காலையில் என் மனைவி பொத்தான் போட வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"ஒம்பது மாசமா அந்த அறிக்கையைத்தானே நம்பின? தள்ளு, நானே போட்டுக்கறேன்."

இடது கையால் முதல் பொத்தானைப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அங்கேயே நின்றாள்.