கன்னத்தில் பூசிய சீரம்

கைக்குழந்தை கிஷாந்தின் உள்ளங்கால் சிவந்திருப்பதை முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஒருமுறை இறங்கி வருவார்கள். மற்ற நேரமெல்லாம் பதினொரு பிள்ளைகளுக்கும் தாய் நான்தான். கடிதங்களில் ஜீவராணி என்று போட்டு அதற்குக் கீழே பெரிய பதவிப் பெயர் ஒன்று எழுதுவார்கள். நேரில் எல்லோருக்கும் நான் ராணி அக்கா. என் வாய்க்குப் பயப்படாத தாய் அந்தத் தோட்டத்தில் கிடையாது. பால் கொடுக்க வருகிறவள் கையையும் மார்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொட்டால் தீர்ந்தது, அவள் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசிவிடுவேன். தேயிலைக்கு அடிக்கிற மருந்து பிள்ளைகள் மேல் பட்டுவிடக் கூடாது. அதில் எனக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நானும் பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். வெயிலும் பனியும் சேர்ந்து இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருந்தது. வட்டகொடையில் சொந்தக்காரர் கல்யாணத்தில் படம் பிடித்தவன் என்னைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னான். உயரமானவர்கள் பின்னால் நிற்க வேண்டுமாம். அங்கே நின்றவர்களில் நான்தான் குட்டை. முப்பத்தாறு வயதில் இதற்குப் போய் ஒருத்தி அழுவாளா? நான் அழுதேன். அடுத்த ஞாயிறே ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் கடை விரித்திருந்தவனிடம் முகத்துக்குப் பூசும் சீரம் வாங்கினேன். விரல் அளவு போத்தல், மூடியோடு சேர்ந்த ஒரு சொட்டுக்குழாய், எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத எழுத்து. இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறானே என்று யோசிக்க வேண்டியவள், யோகம் அடித்தது என்று இரண்டு போத்தல் வாங்கினேன்.

மூன்றாம் வாரமே மங்கு வெளுக்கத் தொடங்கியது. கண்ணாடியை விட்டு நகர மனம் வரவில்லை. தினமும் காலையில் முகம் கழுவி, நான்கு சொட்டு எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு போய்த்தான் காம்பராவைத் திறப்பேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டதா என்று தாய்மார் கேலி செய்தார்கள். என்ன பூசுகிறேன் என்பதை மட்டும் ஒருத்திக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் வாங்கிவிடுவார்களே, பிறகு நான் எங்கே தனியாகத் தெரிவேன்?

பிள்ளைகளில் கிஷாந்துக்குத்தான் சேலைத் தொட்டில் ஆகாது. ஒன்பது மாதம். என் தோளில் ஏறி, கன்னத்தோடு கன்னம் வைத்து, எச்சில் வடித்தபடிதான் தூங்குவான். பசி வந்தால் என் கன்னத்தையே சப்புவான். அவன் தாய் சுலக்ஷனாவுக்கு இருபத்திரண்டு வயது. தகப்பன் விஜிதரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவளும் பிள்ளையும் மாமியார் வேலாயியோடு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறார்கள். ரோசாப்பூ நிறத்தில் இருந்த அந்த உள்ளங்காலை நான் தூக்கிக் காட்டியபோது சுலக்ஷனாவும் சிரித்தாள். பேரன் தொரை மாதிரி சிவப்பாக வரப்போகிறான் என்று வேலாயி லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

இரண்டு வாரத்தில் உள்ளங்கைகளும் சிவந்தன. பிறகு தோல் உரிந்தது. மூடுபனி கதவு வரைக்கும் வந்து நிற்கிற குளிரில் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டை தொப்பலாக நனைந்தது. தவழ்ந்துகொண்டிருந்தவன் தவழ்வதை விட்டான். வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கி மூடி என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தான். அழுகை நிற்கவில்லை. அவன் அழ அழ நான் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். பத்து மணிக்கு வந்த சுலக்ஷனாவை வாசலிலேயே நிறுத்தி, கழுவாமல் பால் கொடுத்தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். இரண்டு தடவை கழுவியதாகச் சத்தியம் செய்தாள். நான் விடவில்லை. நாள் முழுக்க மூச்சில் இழுக்கிற மருந்து பாலில் இறங்காதா என்று மடக்கினேன். அவளுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாதுதான், ஆனால் நான் சொன்னால் அங்கே அதுதான் சட்டம்.

"பால நிப்பாட்டு. புள்ள வேணும்னா இன்னையோட நிப்பாட்டிரு," என்றேன்.

நிறுத்தினாள். பால் வற்றுவதற்கு டவுனில் மல்லிகைப்பூ வாங்கி மார்பில் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். பத்து மணிக்கு மற்றவர்கள் பால் கொடுக்கும்போது அவள் மட்டும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். நான் பால்மா கரைத்துக் கொடுத்தேன். இப்போது முன்னைவிட அதிக நேரம் அவன் என் தோளில்தான் கிடந்தான்.

பிள்ளை தேறவில்லை. வேலாயி கோயிலில் மந்திரித்துத் திருநீறு பூசினாள். போகிற வருகிற வழியெல்லாம் மருமகளைத்தான் ஏசினாள். ஒருநாள் காம்பராவைப் பார்க்க வந்த, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, சுலக்ஷனா பறிக்கிற மலையில் மருந்து அடித்து ஐந்து மாதம் ஆகிறது என்றார். காதில் விழுந்தது, விழாத மாதிரி இருந்துவிட்டேன். கண்டாக்கு சொல்வதையெல்லாம் எவள் நம்புவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள், பிள்ளைக்கு உடுப்பு எடுக்க வந்த சுலக்ஷனா என்னையும் பார்க்க வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, நான் அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில் நின்றாள்.

"டாக்டரம்மா ஒரே கேள்வியத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்கக்கா. வெள்ளையாகுறதுக்கு யாராச்சும் ஏதாச்சும் பூசுறீங்களான்னு. எங்க வூட்டுல பவுடர் கூட இல்லையே."

ஒன்பது மாதப் பிள்ளைக்குப் பிரஷர் ஏறுகிறதாம். எதனால் என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தொடங்கலாமாம். பிந்தினால், என்று தொடங்கியவள் முடிக்காமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று காலையிலும் பூசியிருந்தேன்.

"எனக்கென்னம்மா தெரியும்," என்றேன்.

அவள் பாதை இறங்கிப் போனாள். திரும்பிப் பார்த்தால், இன்னொரு பிள்ளை, சுதர்ஷினியின் மகள், பாயில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பாயில் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரித்துப் பார்த்தேன். சிவந்திருந்தன. அதன் பிறகு மற்றப் பிள்ளைகளின் கைகளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து ஓடைக்குப் போனேன். எறிந்துவிட்டால் முடிந்தது, ஒருவருக்கும் தெரியாது. கையை ஓங்கியும் விட்டேன். அந்தத் தண்ணீர்தான் கீழே லயத்துப் பீலியில் விழுகிறது. அதைப் பிடித்துத்தான் தாய்மார் குடிக்கவும் குளிக்கவும் செய்கிறார்கள். ஓங்கிய கையோடு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. முகத்தில் காறித் துப்புவார்கள் என்று அதைவிடப் பயம். அந்த முகமாவது அழகாக இருந்ததா? மங்கு திரும்ப வந்து, முன்பைவிடக் கறுத்து, தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. இரண்டாவது போத்தல் பாதியிலேயே அது தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பூசினால் சரியாகும் என்று அளவைக் கூட்டியிருந்தேன்.

மறுநாள் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக் காம்பராவைப் பூட்டினேன். முகத்தை மூன்று தடவை கழுவிக்கொண்டு, போத்தலோடு நுவரெலியா பஸ் ஏறினேன்.

டாக்டர் கஜனி யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். போத்தலை ஒரு உறையில் போட்டுக் கட்டினார். பாதரசம் கலந்த சாமானாக இருக்கும் என்று சந்தேகப்படுவதாகவும், பூசியவரின் தோலில் இருந்து தூக்கிவைத்திருக்கும் பிள்ளைக்கு அது ஏறும் என்றும் சொன்னார். பிள்ளையின் இரத்தத்தைச் சோதிக்க உடனே ஆளை அனுப்பினார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"எத்தினை பிள்ளையளை நீங்கள் பாக்கிறனீங்கள்?"

"பதினொன்னுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "எல்லாரையும் இண்டைக்கே கொண்டுவரச் சொல்லுங்கோ."

சுலக்ஷனா பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டாக்டரிடம்தான் பேசினாள்.

"அப்ப என் பால்ல ஒன்னும் இல்லீங்களா?"

"ஒண்டுமில்லையம்மா. நீங்கள் தாராளமாக் குடுக்கலாம்."

சுலக்ஷனா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

"வத்திப்போச்சுங்க," என்றாள்.

சுலக்ஷனா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. பிள்ளை திரும்பினான். ஐந்து நாளாக யார் தூக்கியும் அடங்காத அழுகை, என் குரலைக் கேட்டதும் நின்றது. தோல் உரிந்த இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டி, தாயின் பிடியிலிருந்து நழுவி என்னிடம் தாவப் பார்த்தான்.

நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் இன்னும் எட்டினான். நான் ஓர் அடி பின்னால் போனேன். ஏன் தூக்கமாட்டேன் என்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி அழத் தொடங்கினான்.