பொத்தான் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு வேலை நேரத்தில் கிடைத்தது. சம்பளம் வாங்கிக்கொண்டே திருடியது என்றும் சொல்லலாம்.

போர்க்காலப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். எதிரி நெருங்கியதால் ஒரு துறைமுகத்தைக் கைவிட்டுப் பட்டாளம் மொத்தமாகக் கப்பலேறிப் போன நாளில், கப்பலின் மேல்தளத்தில் நின்று பட்டாளத்துப் படக்காரர் எடுத்த படங்கள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் உண்டு. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து, யார், எந்தப் பிரிவு, என்ன நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவது என் வேலை. கண்ணுக்குப் படுவதை மட்டும்தான் எழுத வேண்டும். நினைப்பது, கேள்விப்பட்டது எதுவும் கூடாது. பிரிவு அதிகாரி இதைச் சொல்லாத வாரம் இல்லை. எந்நேரமும் கழுத்தில் லென்ஸ் தொங்குவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் நான்.

மூன்று படங்கள்தான் கதை. இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மாற்றிச் சொன்னால் நீங்கள் பிடித்துவிடலாம்.

முதல் படம்: கரையில் இரும்புத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சிப்பாய். காலில் கட்டு. சட்டைப் பையின் மேல் எண் தெளிவாகத் தெரிகிறது. வலது முழங்கையில் முக்கோணமாக ஒட்டுத்துணி வைத்துத் தைத்த சட்டை.

இரண்டாவது: கப்பலுக்கு ஏறும் பலகையில் வரும் ஓர் இளைஞன். பட்டாளச் சட்டை. தோளில் பெட்டி. பெட்டியைப் பிடித்த கை மார்பை மறைப்பதால் எண் தெரியவில்லை. முழங்கையில் முக்கோண ஒட்டு.

மூன்றாவது: கப்பல் நகர்ந்த பிறகு எடுத்தது. அதே தூண். அடியில் சட்டையில்லாமல் ஒருவன், விரல்நகம் அளவுக்கு. எங்கள் குறிப்பில் அவன் 'அடையாளம் தெரியாத பொதுமகன்'. சட்டை இல்லாவிட்டால் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பொதுமக்கள்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'காற்றில் எண்ணெயும் உப்பும் கலந்திருந்தன. தூணருகே அந்தச் சிப்பாய் இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்பா அவனுடைய கண்களை மெல்ல மூடிவிட்டு, ஒரு கணம் தலைகுனிந்து, அந்தச் சட்டையை—'

நிறுத்திவிட்டேன். மூன்றாவது படத்தில் அந்த ஆள் புருவத்துக்கு மேல் கையை வைத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். செத்தவன் வெயிலுக்குக் கை வைக்க மாட்டான். கதை எழுத உட்கார்ந்த உடனே என் வசதிக்காக ஓர் ஆளைக் கொன்றேன் பாருங்கள். அதுவும் அழகான தமிழில்.

(ஆமாம், 'அப்பா' என்றுதான் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது. மூன்றாம் பகுதிவரை மறைத்து வைத்திருந்து உங்களைத் திடுக்கிட வைப்பதாக இருந்தேன். அந்தத் தந்திரமும் வேண்டாம்.)

3

அப்பா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "பெட்டி தூக்கிட்டு ஏறினேன், இறங்குறதுக்குள்ள பலகைய எடுத்துட்டானுங்க" என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை. சிரித்துக்கொண்டே சொல்வார், நாங்களும் சிரிப்போம். கப்பல் நின்ற ஊரிலேயே வேலை, கல்யாணம், நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். "எம்பொண்ணு போட்டோவப் பாத்தே ஆளச் சொல்லிடும்" என்று தெருவெல்லாம் பெருமை அடித்து வைத்திருக்கிறார். அடுத்த வாரம் இந்தப் படங்களுக்குக் கண்காட்சி. "எத்தன பேரக் கூட்டிட்டு வரலாம்?" என்று போன மாதமே கேட்டார்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடரி. ஆனால் அப்பாவுக்குச் சின்ன வயதில் நாய் கடித்து இடது காதில் பாதி இல்லை. படத்தில் இருப்பவனுக்கு வலது காதில் பாதி இல்லை. உலகத்தில் இன்னொரு நாயும் இருந்திருக்கிறது என்று நிம்மதியாகப் போய் டீ குடித்தேன்.

பூதக்கண்ணாடி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல வலது கை, அதுல இடது கை. வேற வேற சட்டை. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

4

பிறகு ஒரு வயதான அம்மா வந்தார். படத்தில் இருப்பவர்களின் உறவுக்காரர்கள் யாராவது வந்தால் பார்க்கவிடுவது எங்கள் வழக்கம். முதல் படத்தைத் திரையில் போட்டதுமே விரலை வைத்தார்.

"எங்கண்ணன். நம்பரெல்லாம் பாக்க வேணாம்மா. இப்படித்தான் ஒரு கால நீட்டிக்கிட்டு உக்காருவான். வீட்டுல ஒருத்தரும் தாண்டிப் போக முடியாது."

விரலை எடுக்காமலே மேலும் சொன்னார். "பலகையில ஏறும்போது சட்டையில இருக்குற நம்பரப் பாத்துதான் கூப்பிட்டுக் கணக்கு வச்சாங்களாம். இவன் நம்பரும் ஏறியிருக்கு. ஏறினவன் வீட்டுக்கு வரலியே. எங்கேயோ குடும்பம் பண்ணிட்டான்னு ஊரே பேசுச்சு. எங்கம்மா சாகுற வரைக்கும் அவன் பேர எடுக்க விடல. நானும்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"வேணாம். அவன் செத்துட்டான்னு நீ சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும். தங்கச்சி பேசுற பேச்சா இது? சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. "பாத்துச் சொல்றேன்மா" என்றேன். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் எதிரில் நிற்பவரிடம் சொல்வதுதான்.

"படிச்ச புள்ள. சொல்லிடுவ" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு இரண்டாவது படத்தை மறுபடி எடுத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பெட்டிக்குக் கீழே, வயிற்றருகில், இரண்டு பொத்தான்கள் தெரிகின்றன. ஆண்கள் சட்டையில் இடது பக்கத் துணி வலது பக்கத்தின் மேல் வரும். இந்தச் சட்டையில் வலது பக்கம் மேலே கிடந்தது. உறையிலிருந்து நெகட்டிவ் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஸ்கேன் செய்தவர் அதை முன்பின்னாகப் புரட்டிப் போட்டிருக்கிறார். எங்கள் தொழிலில் மட்டும் நடக்கிற தப்பு. வலது இடதாகிவிட்டது, இடது வலதாகிவிட்டது. கணினியில் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுத்துணி வலது முழங்கைக்குப் போனது.

காது இடது பக்கம் வந்து உட்கார்ந்தது.

5

சாயங்காலம் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் போனை நீட்டினேன். திருப்பி வைத்த படம்.

"இது யாருன்னு சொல்லு."

மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில் இருந்தது. "எவனோ பட்டாளத்தான்."

"காதப் பாருப்பா."

பார்த்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

"என்ன, டிவி போயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு." பிறகு மெதுவாக, போனிடம் பேசுவதுபோல, "அன்னிக்கு ரொம்பக் குளிரு. சட்ட கீழ கிடந்துச்சு. எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

அந்தப் பெட்டியிலுள்ள எல்லாப் படங்களையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆட்கள் கையைச் சுருட்டிவிட்டிருக்கிறார்கள். ஒருவன் தொப்பியால் விசிறிக்கொள்கிறான். நிழல்கள் காலடியிலேயே கிடக்கின்றன. இதையெல்லாம் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். கையை எடுக்கவில்லை.

"அந்தப் பையனத் தேடி யாராச்சும் வந்தாங்களா?"

நான் எந்தப் பையனையும் காட்டவில்லை. கீழே கிடந்த சட்டைக்குப் பையன் எங்கிருந்து வந்தான்?

"இல்லப்பா."

தலையை ஆட்டினார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

6

படித்தால் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். படித்ததனால் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறேன். அந்தச் சட்டை கப்பல் ஏறாவிட்டால் நான் இல்லை, என் பட்டம் இல்லை, இந்த வாக்கியமும் இல்லை. அவர்மேல் கோபப்படலாமென்றால் கோபப்படுகிற வாயே அவர் கொடுத்தது. சரி, நியாயம் பேசியது போதும்.

முடிவுகளுக்கு வருகிறேன்.

ஒன்று. படத்தைத் திருப்பிச் சரிசெய்கிறேன். பூதக்கண்ணாடி ஒட்டுத்துணிகளை ஒப்பிட்டு, ஒரே சட்டை என்கிறார். மூன்றாவது படத்துப் பொதுமகனுக்கு எண்ணும் பெயரும் கிடைக்கின்றன. அந்த அம்மாவுக்கு, ஓடிப்போகாத ஓர் அண்ணன் கிடைக்கிறான். தெருவையே கூட்டிக்கொண்டு வரும் அப்பா, சுவரில் ஆளுயரத்துக்குத் தன்னையே பார்த்து

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இரண்டு. திருப்பாமல் விடுகிறேன். காது வலது காதாகவே தொங்குகிறது. அந்த அம்மா மறுபடி வருவார். பாத்துச் சொல்றேன்மா.

மூன்று. பத்திரிகையில் இருக்கும் தோழி சொன்னது. "ரெண்டு பேரையும் சந்திக்க வையேன்டி. ஜனங்க அழுவாங்க." எழுதிப் பார்த்தேன். அப்பா கைகூப்புகிறார், அந்த அம்மா அவர் கையைப் பிடித்து, "நீங்களாவது பிழைச்சீங்களே அண்ணே" என்கிறார். நன்றாகவே வந்தது. அதனால்தான் கிழித்தேன். என் கதையை முடித்துத் தருவதற்காக அந்த அம்மா எதற்கு மன்னிக்க வேண்டும்?

நான்காவதும் உண்டு. அந்தச் சிப்பாயே சட்டையைக் கழற்றி, "நீயாவது போடா" என்று கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்கலாம்தான். அப்படியானால் அப்பா எதற்குக் குளிர் என்று சொன்னார்?

(இதை ஏன் கதையாக எழுதுகிறாய் என்றால், கதை என்று மேலே போட்டுவிட்டால் யாரும் வீட்டுக்கு வந்து கேட்க மாட்டார்கள். கோழைத்தனம். தெரிந்துதான் செய்கிறேன்.)

7

படங்களும் குறிப்புகளும் நாளை காலை அச்சுக்குப் போகின்றன. இரண்டாவது படம் இப்போது என் திரையில் இருக்கிறது. ஒரு சொடுக்கில் இப்படி, இன்னொரு சொடுக்கில் அப்படி. மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். இரண்டு பக்கத்திலும் அப்பா பெட்டியைக் கீழே வைப்பதில்லை.

என்ன செய்தேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. கண்காட்சிக்கு வாருங்கள், அனுமதி இலவசம். நுழைந்ததும் நேர் எதிர்ச் சுவர். பெட்டிக்குக் கீழே அந்த இரண்டு பொத்தான்களைப் பாருங்கள். இடது பக்கத் துணி மேலே இருந்தால் திருப்பிவிட்டேன் என்று அர்த்தம். என் அப்பா அங்கே இருந்தால் உற்றுப் பார்க்காதீர்கள்.

வலது பக்கம் மேலே இருந்தால், முதல் படத்தின் முன்னால் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருப்பார். நீட்டிய காலைத் தாண்டாமல் நிற்பவர்போலக் கொஞ்சம் தள்ளி நிற்பார். உங்களைப் பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, இவன் என்ன ஆனான் தெரியுமா என்று கேட்பார்.

உங்களுக்கு இப்போது தெரியும். பாத்துச் சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.